ஆறு ஊர்களிலும் மறைத்த வரி

கறுப்புப் பேனாவால் அந்த வரிகளை அழித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் ஏதோ ஒளித்து வைத்திருந்தவள் போல ஆகிவிடும்.

செக் நாட்டில் எங்கள் ஊரான ரோகிதானாவின் நகராட்சியில் அப்போது எனக்குப் பதினாறு வருட சர்வீஸ். கதவில் 'ஹெத்விகா ஸ்ட்ராகோவா, மேயரின் செயலாளர்' என்று எழுதியிருக்கும். தபால் பிரிப்பது, கூட்டங்களில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது, மேயர் விலேம் குபானெக் மறந்துபோகும் பெயர்களை அவர் காதோரம் சொல்வது, இவ்வளவும் என் வேலை. குபானெக் கெட்டவர் இல்லை. மோராவா ஆறு கரை உடைத்த வருஷம் முழங்கால் சேற்றில் நின்று எங்களோடு மணல் மூட்டை தூக்கியவர். அவருக்கு இருந்த ஒரே கோளாறு அவசரம். புதிதாக எதையாவது யாராவது கொண்டுவந்து காட்டினால், பக்கத்து ஊர்க்காரன் முந்திக்கொள்வதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

அந்த வருஷம் அப்படி வந்தது பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைக்கான கேமரா. அதுவரை பிள்ளைகள் ஒரு சிப் அட்டையைத் தேய்த்துவிட்டுத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அட்டைகள் தொலையும், வரிசை நிற்கும், சமையல்காரம்மா கத்துவார். கேமரா வந்தால் பிள்ளை முகத்தைக் காட்டினால் போதும், கதவு திறந்துவிடும் என்றது அந்த நிறுவனம். மேயர் ஆறு மாத வெள்ளோட்டத்துக்குத் தானே கையெழுத்திட்டார். நிரந்தரமாக வைப்பதா என்பதை ஜூன் மாதம் நகரமன்றத்தின் பதினைந்து உறுப்பினர்களும் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தோடு நிறுவனம் தனியாக ஒரு தாளும் அனுப்பியிருந்தது. யாராவது ஒப்பந்தத்தைப் பார்க்கக் கேட்டால் வணிக ரகசியம் என்று மறைக்க வேண்டிய உட்பிரிவுகளின் பட்டியல் அது. மேயர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் நகலெடுத்து, ஸ்கேல் வைத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அழித்தேன். எதையும் படிக்காமல் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தேன். பதினேழாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மட்டும் இரண்டு தடவை படித்தேன். பிறகு அதையும் அழித்தேன்.

அழித்த நகல் உறுப்பினர்களுக்குப் போனது. மேயர் போகப் பதின்மூன்று பேர் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் மறுநாளே மனு போட்டாள்.

அவள் பெயர் டிராஹோமீரா; ஊருக்கு டிராஹா. ஏழாம் எண் பஸ்ஸின் ஓட்டுநர். நாற்பத்தொரு வயது, கட்டையான உருவம், உரத்த குரல். கடற்கொள்ளையர் கட்சி என்று ஒன்று எங்கள் நாட்டில் உண்டு. இன்னும் பல நாடுகளிலும் உண்டு. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். இணையத்தில் தனிமனிதருடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், அரசாங்கத்தின் காகிதங்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பேசுவது. டிராஹா அந்தக் கட்சியின் சார்பில் எங்கள் மன்றத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள். பஸ்ஸில் ஏறும்போதே கிழவர்கள் அவளை வம்புக்கிழுப்பார்கள்.

"நம்ம நாட்டுல கடலே கிடையாது. கொள்ளைக்காரி மட்டும் எங்கேர்ந்து வந்தா?"

"கடல் இல்லாததாலதான் பஸ் ஓட்டுறேன். உள்ள தள்ளி நில்லுங்க," என்பாள் அவள்.

மறைக்காத ஒப்பந்தத்தைத் தரும்படி தகவல் சட்டத்தின் கீழ் அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் மறுப்புக் கடிதத்தை எழுதியது நான். மூன்றாவதை வாங்கிக்கொள்ள நேரில் வந்தவள் கோபப்படவில்லை. பஸ் கம்பெனிச் சட்டையோடு என் மேசை முன்னால் நின்று, அழித்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கோடெல்லாம் ரொம்ப நேரா இருக்கும்மா. ஸ்கேல் வெச்சுப் போட்டதா?"

அலுவலகத்தில் போட்டது என்றேன்.

"நல்ல கைவேலை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை என் காது சூடாக இருந்தது.

இந்தக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து நாடுகளைக் கடந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. வருஷம் ஒருமுறை எங்காவது கூடுவார்கள். அந்த வருஷம் மே மாதம் எங்கள் நாட்டிலேயே, பிர்னோ நகரில் கூடினார்கள். டிராஹா தன் ஷிப்டை முடித்துவிட்டு ரயிலேறிப் போனாள். அங்கே நடந்ததைப் பிற்பாடு எனக்கு அவளே சொன்னாள். சில நாடுகளில் அவர்களுக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களே இருக்கிறார்கள். சில நாடுகளில் கட்சி என்பது நாலு பேரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான். ஆனால் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. காலை முழுக்கச் சட்டதிட்டத்தில் ஒரு கமாவை எங்கே வைப்பது என்று சண்டை போட்டார்களாம். இதற்கா ஒரு நாள் லீவு போட்டோம் என்று டிராஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. மத்தியானம் அவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவள் மேடையேறி, நான் கோடு போட்ட பக்கங்களைத் திரையில் காட்டி, இப்படி ஒரு காகிதம் உங்கள் ஊரில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

கடைசி வரிசையில் ஒரு பெரிய அம்மாள் கை தூக்கினார். ஜெர்மனியில் பால்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரின் மன்ற உறுப்பினர், பெயர் ரைன்ஹில்ட். தங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் அதே நிறுவனத்தின் கேமரா இருப்பதாகச் சொன்னார். பிறகு ஐஸ்லாந்திலிருந்து திரை வழியாகக் கலந்துகொண்ட ஸ்டெய்னுன் என்ற பெண், தங்கள் ஊர் விளையாட்டரங்கில் இருக்கிறது என்றாள். பதினோரு நிமிஷத்தில் ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து ஊர்கள் எழுந்துவிட்டன. எங்கள் ஊரோடு ஆறு. எல்லாரிடமும் கறுப்புக் கோடு போட்ட நகல்தான் இருந்தது.

லக்சம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஒரு வழக்கறிஞர்தான் முதலில் அதைக் கவனித்தார். கோடுகள் ஒரே இடத்தில் இல்லை. எது வணிக ரகசியம் என்பதில் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே நிறுவனம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு பட்டியல் கொடுத்திருக்கிறது. எங்களிடம் மறைந்திருந்த ஒன்பதாம் பிரிவு ஜெர்மன் நகலில் பளிச்சென்று தெரிந்தது. அவர்களிடம் மறைந்திருந்தது ஐஸ்லாந்தில் தெரிந்தது. மொழிதான் வேறே ஒழிய, பிரிவுகளின் எண் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆறையும் ஒன்றாகப் பரப்பி வைத்தால் முழு ஒப்பந்தத்தையும் படித்துவிடலாம் என்று தோன்றியது.

ஆறு ஊர்களில் முதலில் கைதூக்கப் போவது எங்கள் ஊர். ஆகவே வேலையை ரோகிதானாவில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஜூன் முதல் சனிக்கிழமை, நகர நூலகத்தின் வாசிப்பறை. ரயிலில் மூன்று பேர் வருவார்கள், மற்றவர்கள் திரையில். எங்கள் ஊர் விடுதி அந்த மாதம் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தது. நூலகர் இவெட்டா என் பழைய சிநேகிதி. என் மகன் ஒஸ்ட்ராவாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவன் அறை காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்திரியாவில் இரண்டு வருஷம் ஓட்டலில் வேலை பார்த்ததால் எனக்கு ஜெர்மன் வரும் என்பதும் தெரியும். ஒரு வயசான ஜெர்மன் அம்மாவுக்கு இரண்டு நாள் இடம் வேண்டும் என்றாள். எதற்கு வருகிறார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். மறுத்தால் ஏன் என்று இவெட்டா கேட்பாள். சரி என்றேன்.

ரைன்ஹில்ட் வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்து இறங்கினார். பதினான்கு மணி நேரப் பயணம், மூன்று ரயில். கையில் ஒரு பிளாஸ்க், தோளில் ஒரு பை, கோட்டில் கட்சியின் கறுப்புக் கொடி போட்ட சின்னப் பொத்தான். எழுபதை நெருங்கும் அந்த அம்மாள் மாடிப்படியை என்னைவிட வேகமாக ஏறினார். மறுநாள் காலை ரொட்டியும் வெண்ணெயும் பிளம்ஸ் ஜாமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்த வயதில் கொள்ளையடிக்கப் போகிறாயே, பங்கு கிடைக்குமா என்று கேட்டாராம்.

எப்படி இந்தக் கட்சியில் சேர்ந்தீர்கள் என்றேன். தான் முப்பத்துநாலு வருஷம் தபால்காரியாக இருந்ததாகச் சொன்னார்.

"மழையிலயும் பனியிலயும் ஊர்க்காரங்க கடுதாசியை சைக்கிள்ல சுமந்திருக்கேன். காதல் கடுதாசி, கோர்ட்டு நோட்டீஸ், சாவுச் செய்தி. ஒண்ணக்கூடப் பிரிச்சதில்ல. பிரிக்கணும்னு நெனச்சதும் இல்ல. ஒட்டின கடுதாசி ஒட்டினபடி போய்ச் சேரணும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச அரசியல். இப்ப ஒருத்தன் பிள்ளைங்க மூஞ்சியையே பிரிச்சுப் பாத்து எடுத்து வெச்சுக்கிறான். கேட்டா ரகசியம்ங்கிறான். அவனுக்கு மட்டும் ரகசியம் இருக்கலாமா?"

நான் காப்பி ஊற்ற எழுந்து போனேன்.

வாசிப்பறையில் நாலு மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். டிராஹா, ரைன்ஹில்ட், லக்சம்பர்க் வழக்கறிஞர், ஸ்லோவேனியாவிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார். சுவரில் பெரிய திரையில் ஸ்டெய்னுனும் பெல்ஜியத்திலிருந்து இன்னொருவரும். ரைன்ஹில்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். இவெட்டா என் தோளில் கை வைத்து, ஜெர்மனிலிருந்து செக் மொழிக்கு மாற்ற ஆள் இல்லை, கொஞ்சம் உட்காரேன் என்றாள். டிராஹா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மேயரின் செயலாளர் இங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

அப்படித்தான், நானே அழித்த வரிகளை நானே ஜெர்மன் நகலிலிருந்து எங்கள் மொழிக்குத் திரும்பக் கொண்டுவரும்படி ஆயிற்று. சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும் கேமரா நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றது ஒன்பது. நகராட்சி இடையில் விலகினால் முழுத்தொகையும் தர வேண்டும் என்றது பதினாலு. எனக்கு அந்த வாசகங்கள் ஏற்கெனவே தெரியும். தெரியாதவள் போல அகராதியைப் புரட்டினேன்.

அன்றைக்கு அந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கப் போவதில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கூலி கிடையாது. பத்திரிகைக்காரன் ஒருவனும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் 'வைத்திருக்கலாம்' என்பதா 'வைத்திருக்க வேண்டும்' என்பதா என்று ஒரே ஒரு வார்த்தைக்காக நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டினார்கள். ஸ்டெய்னுன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை முடித்து, நேராக வந்து திரைமுன் உட்கார்ந்திருந்தாள்; தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கணக்கு வாத்தியார் ஒவ்வொரு பிரிவையும் அட்டவணையில் டிக் செய்துகொண்டே வந்தார். மத்தியானம் இவெட்டா கொண்டுவந்த உருளைக்கிழங்கு சூப் ஆறிப்போய் ஏடு கட்டி நின்றது.

நாலு மணிக்கு அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. பதினேழு, இரண்டு. ஆறு ஊர்களின் ஆறு நகல்களிலும் அது கறுப்பாகவே இருந்தது.

வழக்கறிஞருக்கு இளவயது. இதற்கு முன்னும் பின்னும் உள்ள பிரிவுகளைப் பார்த்தால் இதில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம், படங்களை வேறு யாருக்கோ விற்பதைப் பற்றித்தான் இருக்கும், அப்படியே சொல்லிவிடுவோம், நிறுவனம் மறுத்தால் மறைக்காமல் காட்டட்டும் என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஊகமும் பெரும்பாலும் சரி. ஸ்டெய்னுன்கூடத் தலையாட்டினாள்.

டிராஹா ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். காகிதத்துல இருக்கறதை எல்லாருக்கும் காட்டணும்னு சொல்றவங்க நாம. இல்லாததை எழுதிக் காட்டினா நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அப்போ தோற்றுப்போனாலும் பரவாயில்லையா என்று கேட்டார் வழக்கறிஞர்.

"தோத்தா தோத்துட்டுப் போறேன். மறுநாள் பஸ் ஓட்டத்தானே போறேன்."

ரைன்ஹில்ட் மேசையில் தட்டினார், சபாஷ் என்பது போல. வழக்கறிஞர் தன் குறிப்பிலிருந்து ஊகத்தை அடித்தார். அட்டவணையில் அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார் கணக்கு வாத்தியார்.

நான் அவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த உட்பிரிவு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அலுவலக ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் அகராதியை மூடி வைத்தேன். மறுநாள் ரைன்ஹில்டை ரயிலேற்றப் போனபோது, நான் செய்த மொழிபெயர்ப்புக்கு அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நகரமன்றம் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கூடியது. பார்வையாளர் வரிசையில் வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள்; அன்று நிற்க இடமில்லை. பெற்றோர்கள், ஆசிரியர்கள், சமையல்காரம்மாகூட வந்திருந்தார். நான் மேயருக்கு இடப்பக்கம், நடவடிக்கைக் குறிப்பேட்டோடு.

டிராஹா எழுந்து ஒவ்வொரு பிரிவாக வாசித்தாள். எங்கள் நகலில் மறைந்திருந்ததை எந்த நாட்டு நகலிலிருந்து எடுத்தது என்பதையும் சொல்லிச் சொல்லி வாசித்தாள். நடைபாதையைப் பார்க்கும் கேமரா என்றதும் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. மேயர் குறுக்கிட்டு, இதெல்லாம் வேறு ஊர்க் காகிதங்கள், நம்முடையது இப்படித்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்.

"சொல்ல முடியாதுதான். நம்முடையதைக் காட்டுங்க, நான் உக்காந்துக்கறேன்," என்றாள் டிராஹா.

அது முடியாது என்றார் மேயர். அவள் தொடர்ந்து வாசித்தாள். பதினேழுக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தாள்.

"பதினேழு, ரெண்டு. இதை ஆறு ஊர்லயும் அழிச்சிருக்காங்க. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஊகிச்சுச் சொல்ல நான் வரல. தெரியாத ஒரு வரிக்கு நம்ம பிள்ளைங்க பேர்ல கை தூக்கலாமான்னு மட்டும் யோசிச்சுக்கங்க."

உட்கார்ந்துவிட்டாள். அவையில் பலர் தலையைச் சொறிந்தார்கள். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் முக்கியமாக எதுவும் இல்லை, அலுவலக நடைமுறை ஏதோ, வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வேலை. 'மேயர்: அதில் முக்கியமாக எதுவும் இல்லை' என்று எழுதினேன். எழுதியதைப் படித்தேன். பதினாறு வருஷமாக எத்தனையோ பொய்களை எத்தனையோ பேர் சொல்ல நான் எழுதியிருக்கிறேன், அவை அவரவர் பொறுப்பு. இது பொய் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். சனிக்கிழமை ஆறிப்போன சூப்பும், தெரியவில்லை என்று எழுதிய கட்டமும் கண் முன்னால் வந்தன. அவர்கள் ஒரு பொய்யைச் சொல்லி ஜெயித்திருக்கலாம். சொல்லவில்லை. நான் ஒரு உண்மையைச் சொல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். குறிப்பேட்டைப் பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் நகர்த்தினேன்.

"தலைவரே, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, திகைப்புதான். உட்காருங்கள் ஹெத்விகா என்றார். நான் உட்காரவில்லை.

"அழிச்சது நான்தான். அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சேன். பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டுப் போனப்புறமும் அவங்க முகப் படத்தை அந்தக் கம்பெனி பன்னெண்டு வருஷம் வெச்சுக்கலாம். அதை வெச்சு அவங்க மெஷினைப் பழக்கலாம். வேற யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். இதுக்கெல்லாம் பெத்தவங்க சம்மதத்தை நகராட்சி ஏற்கெனவே வாங்கிட்டதா வெச்சுக்கப்படும். அதுதான் பதினேழு ரெண்டு."

யாரும் கூச்சல் போடவில்லை. பின்வரிசையில் ஒரு தாய் மட்டும், எங்களை யாரும் கேட்கவே இல்லையே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். அது அறை முழுக்கக் கேட்டது.

அடுத்து மேயர் செய்ததையும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவருக்குச் சேர வேண்டியது. என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். பைத்தியக்காரி, தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றிருக்கலாம். அவர் தன் கோப்பிலிருந்து மூலத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அவர் அதை முதல்முறையாகப் படிக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க சொன்னபடிதான் இருக்கு," என்றார்.

எதிர்த்து ஒன்பது, ஆதரித்து நாலு, நடுநிலை இரண்டு. நடுநிலையில் ஒருவர் மேயர். கேமரா அந்த வாரமே கழற்றப்பட்டது. வெள்ளோட்டக் காலம் அந்த மாதத்தோடு முடிந்துவிட்டதால் நிறுவனத்தால் பெரிதாக எதுவும் கேட்க முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது, அதோடு சரி.

கூட்டம் முடிந்து நடையில் மேயர் என்னை நிறுத்தினார். இதை ஏன் தன்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அவர் தொப்பியைத் தேடிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் எனக்கு எழுத்துமூலமான கண்டிப்பும், கல்லறைத் தோட்டப் பதிவேட்டுக்கு மாற்றலும் வந்தன. விதிப்படி அது சரிதான். நான் மேல்முறையீடு செய்யவில்லை. ஜன்னலைத் திறந்தால் லிண்டன் மரம், தொந்தரவு இல்லாத வேலை.

மாற்றலாகிப் போன முதல் நாள் டிராஹா கசகசா வைத்த கேக் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தோன்றியதா என்று கேட்டேன்.

"அகராதியைத் தப்பான எழுத்துல பிரிச்சு வெச்சுக்கிட்டு வரியைச் சரியாச் சொன்னீங்க. அப்பவே தோணுச்சு."

ஏன் கேட்கவில்லை?

"வேலை போறது உங்களுக்கு. நான் எப்படிக் கேக்கறது?" என்றவள், கொஞ்சம் தயங்கி, "இனிமே உங்களை நீன்னு கூப்பிடலாமா?" என்றாள். கூப்பிடு என்றேன்.

மன்றத்தில் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது. நடவடிக்கைக் குறிப்பு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது என் இடத்தில் உட்கார்ந்து அதை எழுதியவள் கணக்குப் பிரிவுப் பெண். ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். அன்றே அது ஐந்து நாடுகளுக்கும் போனது. ஐஸ்லாந்து ஊர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லக்சம்பர்க்கிலும் ஸ்லோவேனியாவிலும் விவகாரம் மேல் அதிகாரிகளிடம் போயிருக்கிறது. ரைன்ஹில்டின் ஊரில் அந்த ஓர் உட்பிரிவை எடுத்துவிட்டு மறுபடி கையெழுத்திட்டார்கள். பாதி வெற்றி என்று எழுதியிருந்தார். மீதிப் பாதிக்காக அடுத்த தேர்தலிலும் நிற்கப் போகிறாராம். ஆறாவது ஊர் பெல்ஜியத்தில் இருந்தது. அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. கேமரா இன்னும் இருக்கிறது.

அடுத்த வருஷக் கூட்டம் லக்சம்பர்க்கில். ஜெர்மனுக்கும் செக்குக்கும் நடுவே மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று டிராஹா இழுத்துக்கொண்டு போனாள். நான் அந்தக் கட்சியில் இல்லை, இன்றைக்கும் இல்லை. எந்தக் கட்சியிலும் சேர்ந்து பழக்கம் இல்லாதவள் நான். ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாட்டில் கட்சியைப் பதிவு செய்யவே விடாததால் முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசிய ஒருவர். பாராளுமன்றத்தில் இருந்துகொண்டே, மத்தியானம் தட்டு கழுவும் வரிசையில் நின்ற ஒருவர். எல்லாருமாகச் சேர்ந்து உலகத்தை ஆளப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். தங்கள் பங்குக்கு வந்த காகிதத்தை ஒழுங்காகப் படித்துவிடுவது என்று இருக்கிறார்கள்.

பெல்ஜியத்திலிருந்து வந்த பெண் கடைசியாகப் பேசினாள். இந்த வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போகிறார்கள், நகல் மறுபடி கறுப்பாக வந்திருக்கிறது, ஊரில் தான் ஒருத்திதான் என்றாள். அவள் இறங்கி வருவதற்குள் ஐந்தாறு பேர் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கணக்கு வாத்தியார் புதிய அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். ரைன்ஹில்ட் ரயில் நேரத்தைப் பார்த்து, அந்த ஊருக்கு நேர் வண்டி இல்லை, நாலு மாற வேண்டும் என்று அறிவித்தார். யார் யார் வருகிறீர்கள் என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். என்னிடம் வந்தபோது நான்காவது வரியில் என் பெயரை எழுதினேன்.